மாத்திரைக்கு ஒரு பாலிசி

பணி ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் சூப்பர்வைசரின் இரண்டு பல்லை உடைத்தேன். ஸ்பேனரால். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் பெரிய வெட்கம் கிடையாது. வெட்கமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதில்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன் நான். அந்த மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஒழுங்காக அப்படி ஓட்டினால் வேலை வேகமாக நடக்காது. அதனால் ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கியே வைத்துவிடுவார்கள். ஒரு கை பட்டனில், இன்னொரு கை தகட்டில். என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கை அச்சுக்கு அடியில் இருக்கும். விரல் போனவனை வேனில் ஏற்றும்போதே பாடம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல்லச் சொல்லி. என் இடது கையில் இரண்டு விரலுக்கு நுனி இல்லை. மருத்துவமனைக் காகிதத்தில் வீட்டுக் கதவு என்றுதான் எழுதியிருக்கிறது. எங்கள் ஷெட்டில் எல்லார் வீட்டிலும் அப்படியொரு பொல்லாத கதவு இருந்தது.

அன்றைக்கு மாட்டியது ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த ஒரு பெண். மூன்று விரல். துணி சுற்றிய கையை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் அலறுகிறாள், சூப்பர்வைசர் குனிந்து, "வூட்டு கதவுன்னு சொல்லு, புரியுதா, வூட்டு கதவு" என்று அவள் காதில் ஓதிக்கொண்டிருக்கிறான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடித்த பிறகுதான் ஸ்பேனர் கையில் இருந்ததே தெரிந்தது. அவன் விழுந்த பிறகும் இரண்டு உதை விட்டேன். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள்.

போலீசுக்குப் போகமாட்டோம், நீயாகவே வேலையை விட்டதாக எழுதிக்கொடு என்றார்கள் கம்பெனியில். எழுதிக்கொடுத்தேன். டீக்கடையில் எனக்கு ராஜ மரியாதை. "அண்ணாத்தே, சும்மா கிழிச்சிட்ட" என்று முதுகில் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அடிமேல் அடியாக விவரித்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ என் மாத்திரிக்கு இன்னா பண்றது?"

அவளுக்கு வலிப்பு நோய். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஆயுசுக்கும் மாத்திரை. என் சம்பளத்தில் பிடித்தம் செய்து கொடுத்த மருத்துவ அட்டையைக் காட்டினால் தொழிலாளர் மருந்தகத்தில் மாத்திரை சும்மா கிடைக்கும். ஓய்வு பெற்ற பிறகும் சொற்பத் தொகை கட்டி அந்த அட்டையைத் தொடரலாம். அதற்கு ஓய்வு பெற்றதாகக் கம்பெனிச் சான்று வேண்டும். என் கடிதத்தில் இருந்ததோ, நானே வேலையை விட்டேன் என்று. அட்டை அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "இது ரிடையர்மென்ட் இல்லீங்களே" என்றார், பாவமாக. வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தேன். குடம் பிளந்து கூடமெல்லாம் தண்ணீர். அவள்தான் துடைத்தாள்.

அந்த வலிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்தது. பதினாலு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோற்றில் முடி கிடந்தது. அவ்வளவுதான் காரணம். கூந்தலைப் பிடித்துத் தள்ளினேன், இரும்பு பீரோவின் மூலையில் மண்டை மோதியது. ஆட்டோவில் போகும்போது எங்கள் மகள், அப்போது பத்து வயது, அம்மாவின் தலையில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் என் மனைவியிடம், "பாத்ரூம்ல வழுக்கி உய்ந்தேன்னு சொல்லு" என்றேன். அவளும் சொன்னாள். சில மாதம் கழித்து முதல் வலிப்பு. அதற்குப் பிறகு கை ஓங்குவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மகள் இப்போது வானகரத்தில் இருக்கிறாள், கல்யாணமாகி. அம்பத்தூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. அட்டை போன விஷயம் தெரிந்ததும் இரண்டு பாலிசிப் படிவத்தோடு வந்து கட்டிலில் பரப்பினாள். ஒன்று நானே எடுக்கக்கூடியது, ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் பணம் வரும். பழைய வியாதி இருந்தால் அதற்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். இன்னொன்று அவளுடைய கம்பெனியில், பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு, கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் மாதாமாதம் மாத்திரையும் கிடைக்கும். ஆனால் அவர்களுடைய டாக்டர் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் விசாரிப்பார்.

பெண்ணின் சம்பளத்தில் பிழைப்பதா என்று எனக்கு ரோஷம். விசாரணை என்றதும் பயமும் சேர்ந்துகொண்டது. முதல் படிவத்தை எடுத்தேன்.

"அம்மாவுக்கு வலிப்புன்னு எழுதாத. சுகர் மட்டும் போடு."

"மறைச்சி எழுதினா நாளிக்கு ஒண்ணும் தர மாட்டாங்கப்பா."

"உனுக்கு இன்னாடி தெரியும்? பேப்பர்ல இன்னா எழுதறமோ அதான் நடந்தது."

முப்பது வருஷம் ஷெட்டில் நான் கற்ற பாடம் அது. வீட்டுக் கதவு என்று எழுதினால் வீட்டுக் கதவுதான். மகள் தன் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றதை நானே நிரப்பி, என் மனைவியிடம் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்தேன், நல்ல நாள் பார்த்து அனுப்பலாம் என்று.

அதற்குள் கைவசம் இருந்த மாத்திரை குறைந்துகொண்டே வந்தது. கடையில் வாங்கச் சொல்லி என்னிடம் கேட்கப் பயந்து, அவள் ஒவ்வொன்றையும் கத்தியால் பாதியாக வெட்டிச் சாப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே விறைத்து விழுந்தாள். கொதிக்கிற கஞ்சி முழுவதும் அவள் வலது கையில். உடம்பு தரையில் அடித்து அடித்து எழும்பியது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தார். அந்தக் கையில் தோல் வழன்று வந்தது. அவரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினேன். வேறு யாரை அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் வந்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து நான் வைத்திருந்த படிவத்தை நாலாகக் கிழித்துப் போட்டாள். மறு வாரம் அவளுடைய கம்பெனி பாலிசிக்காக டாக்டர் கூப்பிட்டார். பெண் குரல். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் நடுவில் வைத்தாள் மகள். ஒரு பக்கம் அவர்கள் இருவரும், எதிரே நான்.

சுகர், பிரஷர், எல்லாம் கேட்டார். வலிப்பு எத்தனை வருஷமாக என்று கேட்டார். பிறகு, "அதுக்கு முன்னாடி தலையில ஏதாவது அடி பட்டுச்சாம்மா?" என்றார்.

"ஆமாங்க. பட்டுது."

"எப்படிப் பட்டுச்சு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். 'பாத்ரூம்' என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். பதினாலு வருஷமாக உறவுக்காரர்களிடமும் டாக்டர்களிடமும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவந்தவள்தான். இந்தத் தடவையும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"என் ஊட்டுக்காரரு தள்ளி உட்டாருங்க. பீரோல மோதிகினேன்."

நான் போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். மகள் குறுக்கே கையை வைத்தாள். விட்டேன் ஒரு அறை. நுனியில்லாத அந்த இடது கையால்தான். அவள் கம்மல் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. கல்யாணமான பெண்ணை அடித்தேன். அவள் அழவில்லை, கையையும் எடுக்கவில்லை.

அறைந்த சத்தம் போனிலும் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அந்த டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, இப்போ அந்த வீட்ல நீங்க பாதுகாப்பா இருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள்.

"இல்லீங்க மேடம். அதியும் சேத்து எழுதிக்கோங்க."

அன்று சாயங்காலமே எங்கள் திருமழிசை பஸ் ஸ்டாப்பில் மகளும் அவளும் பஸ் ஏறினார்கள். ஒரு பை, மாத்திரை டப்பா, அவ்வளவுதான். பாலிசி கிடைத்துவிட்டது, மாத்திரையும் சேர்த்து. மகள் அம்மாவை மட்டும் சேர்த்திருந்தாள். அட்டையில் வானகரம் விலாசம். நான் தடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், வாசலில் நின்று கெட்ட வார்த்தையில் கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

இப்போது மாதம் ஒரு தரம் மகளுக்குப் போன் செய்வேன். எடுத்தால் இரண்டு வார்த்தை பேசுவாள். போன வாரம், "அம்மாவுக்கு மாத்திரை ஒழுங்கா கெடைக்குதா?" என்று கேட்டேன்.

"கெடைக்குது. டாக்டரு டோஸை கொறைச்சிட்டாரு. இங்க வந்ததுலேர்ந்து வலிப்பு ஒரு தபாகூட வரல. நல்லா தூங்குதுப்பா."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் என் பக்கத்தில் படுத்தவள். அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.