மாமிக்கு வேண்டிய மழை

எங்கள் ஊர்க் கோயில் தேரை இன்று காலை டிவியில் மறுபடி போட்டார்கள். கூட்டத்தில் மாமியும் தெரிகிறார் என்பதால் அதைக் கணினியில் பதிவு செய்தேன்.

படம் முழுக்கப் புள்ளி. புள்ளி நீக்கும் வசதியை உச்சத்துக்குக் கூட்டினேன். கண்ணாடி போல் ஆகிவிட்டது. பெருமையோடு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தம்பி, மழை எங்கை?"

"என்ன மழை, மாமி?"

"தேர் வரேக்கை தூறினதெல்லோ! உதிலை ஒரு துளியும் இல்லை. நான் மட்டும் தலையிலை துவாயைப் போட்டுக்கொண்டு நிற்கிறன். கனடாவிலை இருக்கிற மூத்த மகள் இதைப் பாத்தா என்ன நினைப்பாள்?"

நீக்கிய புள்ளிகளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன்.

"ஓம், இப்ப சரி" என்று மாமி சிரித்தார்.

இதில் எது தூறல், எது டிவியின் புள்ளி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமிக்கு எல்லாமே மழைதான்.