தெருக்குத்து வீடு

சேலத்தில் ஓடைக்கரைக் குடிசைகளில் கிடந்த எங்களுக்கு ஓட்டு வீடு கிடைத்தது மாதா கோயில் சாமியாரால். அவர் வேதக்காரர். நாங்கள் பாதிப்பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அந்த வித்தியாசமெல்லாம் அவர் பார்த்ததே இல்லை. வெளிதேசத்தில் முன்பின் தெரியாத சனங்கள் கோயில் உண்டியலில் போட்ட காசைக் கடுதாசி மேல் கடுதாசி போட்டு வரவழைத்தார். நூல் வியாபாரி ஒருவரின் வாசலில் போய் நின்று, நின்று, கடைசியில் அவரிடமிருந்து நிலத்தை வாங்கினார். வெள்ளை அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு சேறு மிதிக்கிற சாமியாரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

வந்த காசு கல்லுக்கும் ஓட்டுக்கும்தான் ஆகும், உழைப்பு உங்களுடையது என்று சொல்லிவிட்டார். கூடவே ஒரு கட்டுத்திட்டம். எல்லா வீடும் முடிந்த பிறகுதான் சீட்டுக் குலுக்குவது. எது யாருக்கு என்று தெரியாவிட்டால் எல்லாச் சுவரையும் தன் வீட்டுச் சுவராக நினைத்துக் கட்டுவார்கள் அல்லவா? விழுந்த வீட்டை விற்கவோ மாற்றவோ கூடாது. அது இன்னொரு கண்டிப்பு. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கட்டினோம். வெள்ளைக்கல் சுரங்கத்தில் பகலெல்லாம் பாறை உடைத்த ஆண்கள் சாயங்காலம் வந்து கல் சுமந்தார்கள். பெண்கள் நாங்கள் மண் குழைத்தோம்.

ஆனால் அதிலும் ஒரு கூத்து. தெரு நேராக ஓடிப்போய் முட்டுகிற இடத்தில் ஒரு வீடு. அதுதான் தெருக்குத்து. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை தங்காது என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கடைக்கால் தோண்டும்போதே பார்த்துவிட்டோம். ஒருத்தர் வாயைத் திறக்கவேண்டுமே! சொன்னால் ஒரு வீடு குறையும், குறைகிற வீடு தன்னுடையதாகிவிட்டால்? ஒரு பிள்ளையாரை எதிரே வைத்தால் தோஷம் போகும்தான், ஆனால் சாமியார் கட்டுகிற தெருவில் பிள்ளையாரை எந்த முகத்தோடு கேட்பது? யாருக்கோ விழப்போகிறது என்று அந்த வீட்டையும் அழகாகப் பூசி முடித்தோம்.

நான் அப்போது நிறைமாசம். முன்னே பிறந்த இரண்டும் குடிசையிலேயே போய்விட்டன. ஓடைத் தண்ணீர் உள்ளே ஏறும், ஈரத்தில் காய்ச்சல் வரும், அவ்வளவுதான். இந்தப் பிள்ளையாவது ஒழுகாத கூரைக்குக் கீழே பிறந்து எனக்குத் தங்கவேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

குலுக்கலில் என் வீட்டுக்காரர் எடுத்தார். தெருக்குத்து வீடு!

“உங்க கையில கொள்ளி வைக்க!” என்று அவரைத் திட்டிவிட்டுச் சாமியார் பக்கம் திரும்பினேன். “அந்த ஊட்டுக்குள்ள நான் கால் வைக்கமாட்டேனுங்க சாமி. குடிசைக்கே போறேன்” என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

சாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. “இத்தனை மாசம் கட்டும்போது யாருமே ஏன் சொல்லல?” என்றார். கூட்டம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

அப்போதுதான் பக்கத்துக் குடிசைக்காரி எழுந்தாள். வேதக்காரி, பொல்லாத வாய்க்காரி. குழாயடியில் அவளும் நானும் சண்டை போடாத நாள் கிடையாது. அவளுக்கு விழுந்தது குழாய்க்குப் பக்கத்து வீடு. எல்லார் கண்ணும் அந்த வீட்டின் மேல்தான்.

“ஏனுங் சாமி, என்ற ஊட்ட அவளுக்குக் குடுத்துருங்க. நான் அங்க போறேன்.”

“மாத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனே. இன்னைக்கு உனக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க.”

“வரட்டுங்க. நல்ல ஊட்டக் குடுத்துட்டு அந்த ஊட்டக் கேக்கறவங்க இன்னும் யாராச்சும் இருந்தா வரட்டுங்க.”

சாமியார் சிரித்துவிட்டார். தான் போட்ட கட்டுத்திட்டத்தைத் தானே உடைத்து, எங்கள் இரண்டு பேர் சீட்டையும் வாங்கி மாற்றிக் கொடுத்தார். பத்துப்பேர் முன்னால் சொன்ன சொல்லைப் பத்துப்பேர் முன்னாலேயே மாற்றிக்கொள்ள எத்தனை பெரிய மனுசருக்கு மனசு வரும்? அதனால்தான் இன்றைக்கும் அவரை நினைத்தால் கையெடுக்கத் தோன்றுகிறது.

குழாயடி வீட்டில் எனக்கு மகள் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்தபிறகு ஒருநாள் அந்தத் தெருக்குத்து வீட்டுக்குப் போனேன். அந்த வாய்க்காரி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கக்கா, உங்க வேதத்துல தெருக்குத்தெல்லாம் கிடையாதுங்களா?”

“வேதத்துல இல்லாட்டி என்ன, எனக்கு உண்டு. வந்த அன்னைக்கு ராத்திரியெல்லாம் பயத்துல ஒரு பொட்டுக் கண்ணு மூடல.”

“அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உன்ற ரெண்டு புள்ளைகளையும் கடேசியாத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுனது நான்தானே அம்மிணி. இன்னொருக்கா என்னால ஆகாது.”

இடுப்பிலிருந்த மகளை இறக்கி அவள் மடியில் வைத்தேன்.