படம் கேட்ட அப்பா

சூடேறிய இரும்பும் எண்ணெயும் தூசியும் கலந்த ஒரு வாடை; எங்கள் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து வேனில் வந்த படமெஷினின் வாடை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும், நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. அதற்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாடை மட்டும் மறக்கவில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ரப்பர்த் தோட்டம். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் மேசைமேல் மெஷின். அப்பாவுக்குப் படம் என்றால் உயிர். பால்வெட்டுக்குப் போனால் போன மாதம் பார்த்த படத்தின் பாட்டையே மரத்துக்கு மரம் பாடிக்கொண்டு வெட்டுவார்.

எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். எல்லோரும் துணியைப் பார்க்க, நான் மட்டும் கழுத்தைத் திருப்பி மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரிய சக்கரத்திலிருந்து பிலிம் இறங்கி, பல் வைத்த உருளைகளில் மாட்டிக்கொண்டு ஓடி, விளக்குக்கு முன்னால் ஒரு துடிப்புத் துடித்து, அடுத்த சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அந்தத் துடிப்புக்கும் துணியில் ஆள் நடப்பதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. கதாநாயகன் பிழைத்தால் என்ன, செத்தால் என்ன?

"படம் அங்கிட்டு ஓடுது, நீ எங்கடி பாக்குற?" என்று அம்மா தலையில் குட்டி முகத்தைத் திருப்பிவிடுவாள். இதை ஆண்கள் பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டே இருந்த அப்பா, ஒரு மாதம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து, என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மெஷின் பக்கத்தில் விரித்தார்.

"அண்ணே, பிள்ளைங்க இங்க வரக்கூடாதுலா, சுடும்" என்றார் படக்காரர்.

"தொடாது. பாக்க மட்டும் செய்யும்."

மறுநாள் குழாயடியில், தோட்டத்துக் கங்காணியான மண்டோர் வீட்டு அக்கா எல்லோர் முன்னாலும் அம்மாவைக் கேட்டாள்: "என்னாடி, ஒம்மவளுக்குப் படக்காரன்தான் படமா?"

அம்மா பாதி வாளித் தண்ணீரோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். "பெரிய மனுசியாகப் போற பொண்ண ஆம்பளைங்க நடுவுல உக்கார வச்சிட்டு, நீங்க வாயப் பொளந்துக்கிட்டுப் படம் பாக்குறீங்க. படம் ஓட ஆரம்பிச்சா பிள்ள பெத்ததே உங்களுக்கு மறந்து போவும். இனிமே அவ வீட்டோட கெடக்கட்டும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதில் பொய்யும் இல்லை. அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அப்ப நான் படம் பாக்கல. பிள்ளையப் பாத்துக்கிறேன். போதுமா?"

அடுத்த மாதம், துணிக்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திடலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"மச்சான், படம் இந்தப் பக்கம்லா!"

"தெரியும்லா. நான் படம் கேக்க வந்திருக்கேன்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் படம் பார்க்கப் போனதில்லை, "படம் கேக்க"த்தான் போனோம். சண்டைக் காட்சியில் கூட்டம் விசிலடிக்கும்போது அவர் கழுத்து நரம்பு இழுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். திரும்பியதே இல்லை. மண்டோர் வீட்டு அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தாள். பேசட்டும் என்று விட்டுவிட்டார். படக்காரரே ஒருநாள் இரங்கி, "இந்தா தங்கச்சி, சுத்து, மெதுவா" என்று ஓடி முடிந்த பிலிமைத் திருப்பிச் சுற்ற என் கையில் கொடுத்தார். வேன் வருவது நிற்கும்வரை அந்த வேலை என்னுடையதுதான்.

என்னை மேலே படிக்க வைக்க அப்பாவால் முடியவில்லை. ஆனால் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்து தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, மெஷின் மக்கர் பண்ணினால் பயப்படாமல் திறந்து பார்க்கிற கை எனக்கு இருந்தது. தையல் மெஷின் பழுது பார்த்துத்தான் பிள்ளைகளை ஆளாக்கினேன்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை, திடலும் இல்லை. வரிசையாகக் கல்வீடுகள் நிற்கின்றன. போன மாதம் கோயில் மண்டபத்தில் பெற்றோருக்கென்று ஒரு கூட்டம். மைக்கில் பேசிய தம்பி, "தோட்டத்து ஆளுங்களுக்குச் சோறு போடத்தான் தெரிஞ்சுது, பிள்ளைங்களோட ஆர்வத்தக் கண்டுபிடிக்கத் தெரியல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எழுந்து பேசக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன். ஆர்வம் என்ற சொல்லை எங்கள் அப்பா வாயால் சொன்னதே இல்லை. பிள்ளையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தைத் திருப்பாமல் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெஷினைப் பற்றி எழுதியதில் தப்பு இருக்கலாம். வேன் எந்த வருஷம் நின்றது என்பதும் ஞாபகமில்லை. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அப்படியே அந்தத் தம்பி பேசியதையும் யாராவது ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.