நேசம்மாள் டீச்சர் வீட்டுக் கடிகாரம்

குலசேகரத்தில் யேசுரத்தினத்தின் வீட்டுக்குப் போகிறவர்கள் கால் மணிக்கு ஒருமுறை பேச்சை நிறுத்தியாக வேண்டும். முன்னறையில் மேசைமேல் வைக்கிற பதினோரு பிராக்கெட் கடிகாரங்கள் இருக்கின்றன. உச்சியில் பித்தளைக் கைப்பிடியும் முதுகில் கண்ணாடிக் கதவும் வைத்த பழைய வெள்ளைக்காரச் சாமான்கள். கால், அரை, முக்கால் என்று ஒவ்வொன்றும் தன் பாட்டை அடித்து முடித்த பிறகுதான் விட்ட பேச்சைத் தொடர முடியும். அதற்குள் சொல்ல வந்தது மறந்துபோயிருக்கும். மனைவி தேவகனி முப்பது வருஷமாகப் பாதிப் பேச்சிலேயே குடும்பம் நடத்திவிட்டாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முதல் கடிகாரம் ஒரு தோட்டத்து பங்களாவின் கோழிக்கூட்டில் கிடைத்தது. அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி பூட்டி ஓடவிட்ட அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை. மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை யார் வீட்டில் இப்படி ஒன்று நின்றுபோனாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்கமாட்டார். ஆனால் நல்ல கடிகாரமாக இருந்துவிட்டால் அன்றிரவு சாப்பிடவும் மாட்டார். அது இன்னொருத்தன் வீட்டில் இருப்பது அவருக்குத் தாங்காது.

அவர் கண் வைத்ததிலேயே பெரியது நேசம்மாள் டீச்சர் வீட்டில் இருந்தது. டீச்சரின் மாமனார் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தலைமைக் குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிய மானேஜர் கையோடு கொடுத்துவிட்டுப் போன கடிகாரம் அது. கருத்த மரப்பெட்டிக்குள் எட்டு வெண்கல மணிகள், எட்டுச் சுத்தியல்கள். முகப்பில் மூன்று சாவி ஓட்டைகள், நடுவில் உள்ளது நேரத்துக்கு, பக்கத்து இரண்டும் மணி அடிப்பதற்கு. யேசுரத்தினத்தின் பதினொன்றிலும் நாலு நாலு மணிகள்தான். எட்டுள்ளது மாவட்டத்திலேயே அது ஒன்றுதான் என்பது அவர் கணிப்பு.

பதினாறு வருஷத்துக்கு முன்பு, டீச்சரின் கணவர் இறந்த மறுமாதம், மணி அடிக்கும் பக்கத்தில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு பல் போய்விட்டது. யேசுரத்தினம் சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், புதுப் பல் வைத்து, உரசிச் சரிசெய்தார். திருப்பிப் போட வந்த அன்று டீச்சர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். திருவனந்தபுரத்திலிருந்து பழஞ்சாமான் வியாபாரி ஒருவன் கடிகாரத்தைப் பார்க்க வருகிறானாம். சட்டைப்பையில் சக்கரத்தைத் தேடிய கை அங்கேயே நின்றது.

"மணிப்பக்கம் தீந்துபோச்சு டீச்சரே. இதுக்குப் போடுற சாமான் இனி கிட்டாது. நடு ஓட்டையில மட்டும் சாவி கொடுங்க, நேரம் காட்டும்" என்றார்.

வியாபாரி வந்தான், ஊமைக் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான், போனான். அவன் போனதும் போட்டுவிடலாம் என்றுதான் யேசுரத்தினம் இருந்தார். அதற்குள் டீச்சரின் மகன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். அவனும் போகட்டும் என்று இருந்தார். பிறகு இது அடிக்காதவரை எவன் கண்ணும் இதில் விழாது என்று தோன்றியது, அந்த நினைப்பே பழகியும் போனது. என்றைக்காவது டீச்சரே கூப்பிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமலா போவார்? தான் கேட்டால் அதன் மதிப்பு டீச்சருக்குத் தெரிந்துவிடும் என்பதால் யேசுரத்தினம் தானாக வாய் திறக்கவில்லை. வருஷம் தவறாமல் போய் எண்ணெய் போட்டு, "இது சாதாரண பீஸுதான்" என்று ஒருதரம் சொல்லி, ஏத்தங்காய் சிப்ஸைத் தின்றுவிட்டு வந்தார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் பொன்னுலிங்கம் போன் பண்ணினான். ரப்பர் ஷீட் வியாபாரி. யூடியூப் பார்த்துக் கடிகாரப் பைத்தியம் பிடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. யேசுரத்தினத்தைக் குருபோல நினைப்பவன். அதனாலேயே அவனைக் கண்டால் இவருக்கு ஆகாது.

"சாரே, நேசம்மாள் டீச்சருக்க கிளாக்கு எனக்குக் கிட்டிச்சு கேட்டியளா. ஷீட் எடுக்கப் போனேன். சும்மா ஒரு வாக்கு கேட்டேன், எனக்குத் தருவியளான்னு. கொண்டு போ மக்கான்னுட்டாவ. காருல முன்சீட்டுல வச்சு, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தேன்."

யேசுரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருஷம் எண்ணெய் போட்டவர் இவர். வந்தவன் ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். இந்த ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து ஏன் வரவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் எரிந்தது. கடைசியில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல், மேசை இழுப்பறையில் கிடந்த சக்கரம். ஊமையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? தன்னிடம்தான் வரவேண்டும். கெஞ்சட்டும். இரண்டு தரம் கெஞ்சியதும், "என் கடிகாரத்தில் ரெண்டை எடுத்துக்கொள், அந்த ஊமையைத் தா" என்று பெரிய மனது பண்ணிச் சொல்ல வேண்டியதுதான்.

ஒரு வாரம் கழித்து எதிர்பார்த்த போன் வந்தது.

"சாரே, ரெண்டு ஓட்டையில சாவி ஏறமாட்டேங்கு. பெறத்தால கதவைத் திறந்து பாத்தேன், ஒரு சக்கரத்தைக் காணல்ல."

"அது இனி கிட்டாதுடே. சும்மா வச்சு அழகு பாரு" என்றார், முதல் கெஞ்சலுக்கு இடம் விட்டு.

"அப்படியா சாரே" என்று அவன் வைத்துவிட்டான்.

இரண்டாவது போன் வரவில்லை. யேசுரத்தினம் குளிக்கப் போனாலும் போனைக் கூடவே கொண்டுபோனார். "யாருக்க போனுக்கு இப்படிக் காத்துக் கெடக்கிய? அசல் காதலன் மாதிரி" என்று தேவகனி கேட்டாள். பதில் சொல்லுமுன் முக்கால் மணி அடித்துக் காப்பாற்றியது.

மூன்றாம் மாதம் அவன் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாயா குடிக்க வரவேண்டும், டீச்சரும் வருகிறார் என்றான். குரலில் இருந்த சந்தோஷமே யேசுரத்தினத்துக்குச் சரியாகப் படவில்லை.

சரியில்லைதான். பொன்னுலிங்கம் கெஞ்சவில்லை. பக்கத்துச் சக்கரங்களின் பல்லை எண்ணி, நடுவில் உள்ள தூரத்தை அளந்து, நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் மூன்று தடவை வெட்டிப் பார்த்து, நாலாவது தடவை பொருத்திவிட்டிருந்தான். அவன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி நாலாக இரண்டு நிமிஷம் இருந்தது. காலையில் ஆலயத்தில் செய்யாத ஜெபத்தை யேசுரத்தினம் அந்த இரண்டு நிமிஷத்தில் செய்தார். அடிக்கக் கூடாது, கர்த்தரே.

அடித்தது. எட்டு மணிகளும் மேலிருந்து கீழே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, மறுபடி ஏறி, அறை நிறைந்தது. தன் வீட்டில் உள்ள பதினொன்றும் சேர்ந்தாலும் இது வராது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நேசம்மாள் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"அவிய இருந்தப்போ கேட்டது" என்றார், கணவரை நினைத்து. பிறகு யேசுரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "சாரே, இது ஒங்களுக்கு வந்திருக்க வேண்டியதாக்கும். என் காலத்துக்குப் பிறகு யேசுரத்தினத்துக்குக் கொடுன்னு அவிய ஆஸ்பத்திரியில கெடந்து சொன்னாவ. அந்த வியாபாரி தானா வந்தவன், நான் விக்க நெனைக்கல்ல. மணி சரியாவுற அன்னைக்கே ஒங்களுக்குத் தந்துரலாம்னு இருந்தேன். நீங்க தீந்துபோச்சுன்னிய. பதினொண்ணும் பாடுற வீட்டுக்கு இந்த ஊமையை எப்படித் தாறதுன்னு எனக்கு வெக்கம். சாதாரண பீஸுன்னு வருஷா வருஷம் நீங்களும் சொல்லுவிய."

யேசுரத்தினம் சாயாவை ஒரே மடக்கில் குடித்துக் கோப்பையை வைக்கும்வரை டீச்சர் பொறுத்திருந்தார்.

"ஒரு சக்கரம் போட்டாத் தீருற காரியம்னு அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியாதா சாரே?"

நேசம்மாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர். பதில் வரும்வரை பார்வையை எடுக்கவில்லை. பொன்னுலிங்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். பலகாரத் தட்டோடு அவன் மனைவி பிந்துவும் நின்றாள். தெரியும் என்றால் திருடன். தெரியாது என்றால், இத்தனை வருஷம் இந்த மாவட்டத்தில் அவர் பெயருக்கு இருந்த ஒரே பெருமையும் போயிற்று.

"தெரியாமப் போச்சு டீச்சரே" என்றார்.

"அதுக்கென்ன சாரே" என்று பொன்னுலிங்கம் மனதார ஆறுதல் சொன்னான். "உள்ள எத்தனை சக்கரம் கெடக்கு. எல்லாம் ஒருத்தருக்கே தெரியுமா? இனி ஒங்க வீட்டுக் கிளாக்கு எதாவது மக்கர் பண்ணிச்சுன்னா ஒரு போன் போடுங்க, நான் வந்து பாக்கேன்."

யேசுரத்தினம் சரி என்று தலையாட்டினார்.