சிவப்பு நாடா கட்டிய ஆறு எலுமிச்சை மரங்கள்

திண்டுக்கல் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு ஆய்வுக்காகப் போகிற மாணவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதுகலை வேளாண்மை ஆய்வுக்காக நானும் தோழி ரேவதியும் இந்த வருஷம் ஆனியில் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை எரியோடு என்ற ஊருக்குப் போனோம். சொல்ல வேண்டியது இரண்டாவது பயணத்தைப் பற்றி.

திண்டுக்கல்லில் காலை 6.40க்கு பஸ் ஏறினோம். டிக்கெட் 22 ரூபாய், ஐம்பது நிமிடப் பயணம். எரியோட்டில் டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தோம். நாலு கிலோமீட்டருக்கு 120 ரூபாய். பேரம் பேசாதீர்கள், திரும்பி வர அந்த ஆட்டோக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

தோட்டம் சின்னச்சாமி அண்ணனுடையது. நாற்பது மரம், குடும்பமே அதை நம்பித்தான். முதல் முறை போனபோது நோய் கண்ட ஆறு மரங்களில் வெள்ளை நாடாவும், ஒப்பிட்டுப் பார்க்க ஆறு நல்ல மரங்களில் சிவப்பு நாடாவும் கட்டி இலை பறித்தோம். இலை மஞ்சளாகும் நோய் அது. வெளியே தெரியாமலும் மரத்துக்குள் இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். எந்த நிறம் எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. பரிசோதனை முடிந்ததும் போனில், "நோய் உறுதியாயிருச்சுண்ணே, அந்த ஆறு மரத்தையும் எடுத்துருங்க, இல்லேன்னா பரவிரும்" என்றேன்.

புரட்டாசியில் நாங்கள் போனபோது எடுத்துவிட்டிருந்தார். சிவப்பு நாடா கட்டிய ஆறையும்.

வெள்ளை நாடா மரங்கள் மஞ்சள் இலையோடு அப்படியே நின்றன. சொல்லாமல் திரும்பினால் மீதித் தோட்டமும் போய்விடும். சொன்னேன்.

"செவப்பு போட்டா வெட்டத்தானம்மா? ரோட்ட அகலப்படுத்தறப்ப புளியமரத்துக்கெல்லாம் அப்படித்தேன செஞ்சாக," என்றார். மரம் எடுத்த குழிகளைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாக் காச்ச மரம். எனக்கு மனசே வரல. படிச்ச புள்ளைக சொல்றீகளேன்னுதேன் எடுத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அவர் தோட்டத்துக் கொட்டகைக்குள் போய்க் கோடாரியோடு வந்தார். "நாடா வேணாம். எதை எடுக்கணுமோ அதுல நீயே கைய வச்சுக் காட்டும்மா."

ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். கடைசி மரத்தில், "உறுதியாத்தானம்மா?" என்று கேட்டார். தெரிந்திருந்தும் நோட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் "ஆமாண்ணே" என்றேன்.

திரும்பும் பஸ் எங்களுக்கு மாலை 4.15க்குக் கிடைத்தது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவசியம், எலுமிச்சை முள் லேசில் விடாது. மரத்தில் எதைக் கட்டினாலும், அது எதற்கு என்று தோட்டக்காரர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை கிளம்பாதீர்கள். என் பேச்சைக் கேட்டு ஆறு நல்ல மரங்களை இழந்தவர், அன்று பிற்பகலே மறுபடியும் என் பேச்சைக் கேட்டுத்தான் இன்னும் ஆறு மரங்களை வெட்டினார்.