தம்பி பார்த்த டயர்

ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே ஊதாரித்தனம் என் காரைத் தரையை ஒட்டித் தாழ்த்தியது. ஃபிஜியின் வாகனப் பதிவு அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதும் மற்றவர்களின் தாழ்த்திய கார்களுக்கும் அகலச் சக்கரங்களுக்கும் அனுமதி மறுத்தவன் நான். எது கூடாது என்று அத்தனை காலம் எழுதியவனுக்கு, எதுவரை கூடும் என்பது தானாக மனப்பாடமாகிவிடுகிறது.

ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்துக் கப்பலேற்றிய வெள்ளை செடான் அது. காய்கறி வாங்கவும் கோவிலுக்குப் போகவும் வைத்திருந்த வண்டி. அதற்குக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டேன். அலாய் சக்கரம் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் முறைப்படி விண்ணப்பித்து, என் பழைய மேசையில் உட்கார்ந்திருந்தவரிடமே முத்திரை வாங்கினேன். மறுப்பதற்கு அவர் ஒரு காரணம் தேடினார். நான் ஒன்றையும் விட்டுவைத்திருக்கவில்லை.

டயர்தான் பாக்கி. சக்கரத்தோடு வந்த பழைய டயர்கள் தேய்ந்துகொண்டிருந்தன. சாலையைப் பிடித்து ஓடும் நல்ல டயராக வாங்க வேண்டும் என்பது என் ஆசை. மலிவான கெட்டி ரப்பரை முதல் நாளே ஒதுக்கிவிட்டேன். அது வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் மழை வந்தால் வண்டியை அதன் விருப்பத்துக்கு அழைத்துப் போகும். மிச்சம் ஒரே டயரின் இரண்டு அளவுகள். ஒன்று ஐம்பது, மற்றது ஐம்பத்தைந்து. டயரின் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதன் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்லும் எண் அது. ஐம்பது பார்க்க அழகு. ஸ்டீரிங்கைத் தொட்டாலே திரும்பும். பள்ளத்தில் விழுந்தால் சக்கரத்தின் விளிம்பு போகும். ஐம்பத்தைந்து கொஞ்சம் உயரம், கொஞ்சம் பொறுமை. தொழிற்சாலை போட்டு அனுப்பிய டயரின் உயரத்துக்கு அதுதான் சரியாக ஒத்துவரும். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. புத்தி ஐம்பத்தைந்து என்றது. கண் ஐம்பதையே பார்த்தது.

வோட்டுவாலேவில் உள்ள என் வீட்டிலிருந்து நாந்தி டவுனுக்குப் போகும்போதெல்லாம் டயர் கடையில் இறங்குவேன். கடைக்காரர் இந்த மண்ணின் பூர்வகுடி ஃபிஜியர், ஆனால் என் மனைவியைவிடச் சுத்தமாக ஹிந்தி பேசுவார். பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளை நான் கண்ணாடி போட்டுப் படிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “சார், இது டயர் கடை. லைப்ரரி அந்தப் பக்கம்.”

இப்படியே மழைக்காலம் முடிந்து கரும்பு வெட்டும் தொடங்கிவிட்டது.

அது இரண்டாயிரமாம் ஆண்டில் நடந்த கலகத்துக்குப் பிந்தைய காலம். துப்பாக்கியோடு சிலர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த பிறகு, இந்திய வம்சாவளியினரான எங்களவர்களில் வெளிநாடு போகக்கூடியவர்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் விசா கலைந்துவிடும் என்று ஒரு பயம். காலி வீட்டைத் திருடன் குறித்துக்கொள்வான் என்று இன்னொரு பயம். அதனால் நாங்கள் மற்ற அடையாளங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். கூரைக்குப் பெயிண்ட் அடிக்காதவன் போகிறான். பழுதான ஃபிரிட்ஜுக்கு டேப் ஒட்டுகிறவன் போகிறான். பாதி வட்டாரத்துக்குக் குடியேற்ற விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவன் நான். எனக்கென்று ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. எனக்கு இங்கே வசதியாக இருந்தது.

ஒருநாள் மனைவி கேட்டாள்: “ஏங்க, பக்கத்து வூட்டுக்காரி நம்ம சோபாவ விக்கறீங்களான்னு கேக்கறா. எதுக்காம்?”

எனக்குப் புரியவில்லை. ட்ராசாவில் கரும்பு போடும் என் தம்பி வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

அவனுடைய நிலக் குத்தகை முடியும் தறுவாயில் இருந்தது. அந்த வருடங்களில் புதுக் குத்தகை கிடைப்பதே பெரும்பாடு. அவன் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான கிராமத்தார் நல்ல மனிதர்கள். முப்பது வருடத்துக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவன் போடவில்லை. போடாவிட்டால் பிரிஸ்பேனில் மகள் வீட்டுப் பின்னறைதான் அவனுக்கு. ட்ராசாவை விட்டுப் பக்கத்து டவுனான லௌடோகாவில் ஒரு ராத்திரி தங்கச் சொன்னாலே முகம் சுளிப்பவன் அவன்.

வழக்கமாக நான் போய் இறங்கியதும் கிராக் கலக்க, அதாவது கவா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைக்க, உட்காருவான். அன்று பாத்திரத்தையே எடுக்கவில்லை.

“பேப்பர்ல கையெழுத்து போட்டியா?” என்று கேட்டேன்.

“நீ எப்போ போறே?”

“எங்கே?”

“ஊருக்கே தெரியுது, எங்கிட்ட மட்டும் எங்கேங்கறே. சிட்னியோ, ஆக்லாந்தோ. எனக்கின்னா.”

“யாருடா சொன்னது?”

“ஒன் டயர் சொல்லுது. மொட்டையா கீது. இங்கயே இருக்கப்போறவன் அப்பிடி வுடுவானா? நம்ம அக்கா போறச்சே கூரைக்குப் பெயிண்டு அடிக்கல. நம்ம சின்னவன் போறச்சே நாயக் குடுத்துட்டான். நீ டயரு.”

“சட்டத்துல சொன்ன ஆழம் இன்னும் இருக்குது. அளந்து பாத்தேன்.”

“சட்டமா? பார்லிமெண்ட்ல துப்பாக்கிய தூக்கினு பூந்தான் பாரு, அவங்கிட்ட போய் சொல்லு.”

நான் உண்மையைச் சொன்னேன். எந்த டயர் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் தாமதம் என்றேன்.

“ஒரு டயரு பொறுக்கறதுக்கா இத்தினி மாசம்? சின்னவன்கூட நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னு கொஞ்சம் நம்புற மாதிரி சொன்னான், அண்ணே.” பிறகு குரல் இறங்கியது. “நீயும் போயிட்டா எனக்கு இங்க கரும்பும் கொசுவும்தான். முப்பது வருசம் யாரோட சண்ட போடறது?”

அதற்குமேல் பேச்சால் ஆகாது என்று தெரிந்தது. போகிற எல்லோரும் போகவில்லை என்றுதான் சொன்னார்கள்.

திரும்பும்போது அவன் வீட்டிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் உள்ள கல் பாதையில் மெதுவாக ஊர்ந்தேன். நடுவில் மேடு, இருபுறமும் லாரிச் சக்கரம் தோண்டிய பள்ளம். தாழ்த்திய வண்டியின் வயிறு இரண்டு இடத்தில் உரசியது. இந்தப் பாதையில் ஐம்பது ஒரு கரும்பு சீசன் தாங்காது. நான் வாரம் தவறாமல் வருகிற பாதை எது என்று அத்தனை மாதம் என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் நின்றேன். “ஐம்பத்தைந்து. நாலு.”

கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “படிச்சு முடிச்சாச்சா, சார்? அந்த ஐம்பதுதானே கேட்டுட்டு இருந்தீங்க?”

“தம்பி வீட்டு ரோடு கல்லு ரோடு.”

“அத மொதல்லயே சொல்லியிருந்தா மொத நாளே மாட்டியிருப்பேனே. வினாக்கா, வினாக்கா” என்று தன் மொழியில் ‘நல்லது’ சொல்லி வாழ்த்தி, நான் மனம் மாறுவதற்குள் ஜாக்கியைப் போட்டார்.

அங்கிருந்து நேராக ட்ராசா. தம்பி வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து, ரப்பரில் ஒட்டியிருந்த புது மயிர்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். காலால் ஓர் உதை விட்டான்.

“இது எத்தினி வருசம் ஓடும்?”

“ஒழுங்கா ஓட்டினா நாலு.”

“குத்தக முப்பது வருசம் அண்ணே. கணக்கு ஒதைக்குதே.”

“தேஞ்சா மறுபடி வாங்குவேன்.”

“மறுபடியா? அப்ப நான் செத்தப்புறமும் நீ டயரு பொறுக்கினுதான் இருப்பே.” சிரித்துக்கொண்டே உள்ளே போனான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நிலப் பேப்பர்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்து முன் சீட்டில் உட்கார்ந்தான்.

லௌடோகாவில் உள்ள குத்தகை அலுவலகம் மத்தியானம் மூடுவதற்குள் போக வேண்டும். ஸ்பிரிங் விறைப்பு என்று ஒவ்வொரு பள்ளத்திலும் திட்டினான். பெரிய ரோட்டில் ஏறியதும், வழிநெடுகக் கரும்பைச் சிந்திக்கொண்டு ஒரு லாரி எங்கள் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

“தாண்டு அண்ணே. எதுக்கு வாங்கினே?”

தாண்ட அனுமதிக்கும் கோடு வரும்வரை காத்திருந்தேன். வந்தது. எதிரே ரோடு காலி. அழுத்தினேன். வண்டி வழுக்காமல், குலுங்காமல், லாரியைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் பாதையில் அமர்ந்தது.

தம்பி இறுகப் பிடித்திருந்த கைப்பிடியை விட்டான். “பரவால்ல” என்றான்.