கரையை வெட்டச் சொன்னவர்

செத்தவர்களைப் பற்றி எழுதிப் பிழைப்பவன் நான். ஊரில் பாதி கும்பிடும், பாதி காறித் துப்பும் ஆட்களின் வாழ்க்கை வரலாறுதான் என் வேலை. அவர்களில் ஒருவர்கூட எழுந்து வந்து என்னிடம் பேசியதில்லை, பேசுவார்கள் என்று நான் நம்பியதும் இல்லை. புத்தகம் வந்ததும் உயிரோடு இருப்பவர்கள்தான் இரண்டு பக்கமிருந்தும் போன் போட்டுத் திட்டுவார்கள். அதில் அலுத்துப்போய், இதுவே கடைசி என்று எடுத்ததுதான் ஒரு மிராசுதாரின் கதை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஏரி. வெள்ளைக்காரன் காலத்தில் பெருவெள்ளம் வந்தபோது அவர் கரையை வெட்டச் சொன்னார். ஊர் தப்பியது, பள்ளத்திலிருந்த குடிசைகள் ஆட்களோடு போயின. அங்கே ஆட்கள் இருந்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதுதான் இன்றுவரை சண்டை.

அவருடைய கொள்ளுப்பேத்தி செல்வி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்த களைப்போடுதான் பேசினாள்.

"எங்க ஊட்டு ஆளுங்கன்னா பள்ளத்து ஜனம் இன்னிக்கும் மூஞ்சி குடுத்துப் பேசாது சார். அவுரு தெரியாமத்தான செஞ்சாரு? அத மட்டும் சொல்லிடுங்க, போதும்."

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவள் கணவன் முருகன் பைக்கில் என்னை ஏரிக்குக் கூட்டிப்போனான். வெயில் இறங்கியிருந்தது. அவன் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் மதகின் மேல் உட்கார்ந்துவிட்டேன், கால் அப்படி வலித்தது. கீழே முழங்கால் தண்ணீரில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். மீன் பிடிப்பவர் என்று நினைத்து, "கரைய வெட்டுனது இங்கதானாங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"இங்கதான். ஆளுங்க கீறது தெரியும். தெரிஞ்சிதான் வெட்டச் சொன்னேன்" என்றார், திரும்பாமலே.

பின்னால் முருகனின் குரல். "யாராண்ட சார் பேசிக்கினு கீறீங்க?"

தண்ணீரில் நிற்கிறாரே, அவரிடம்தான் என்றேன்.

"தண்ணியா? ஏரி வத்தி ரெண்டு மாசம் ஆவுது சார்."

திரும்பிப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்து வெடித்த மண்தான்.

அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. ஆதாரமில்லாததை எப்படி எழுதுவது? அந்த அத்தியாயத்தை முடிக்காமல் அப்படியே போட்டுவைத்தேன். சில மாதம் கழித்துச் செல்வி போன் செய்தாள்.

"தெரிஞ்சிதான் செஞ்சாருன்னு நேர்ல வந்து சொன்னீங்களே சார், தேங்க்ஸ். கஷ்டமாத்தான் கீது. ஆனா ஒரு பாரம் எறங்கிச்சி."

நான் எப்போது வந்தேன் என்று கேட்டேன்.

"இன்னா சார், நேத்து சாயங்காலந்தான வந்தீங்க?"

முந்தின நாள் முழுக்க நான் திருவள்ளூரில் என் வீட்டுக் கட்டிலில் ஜுரத்தில் கிடந்தேன். அதைச் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"போறப்ப எம் பொண்ணு தலைல கைவெச்சி, நம்ம ஊட்டுக் கொழந்தன்னு சொன்னீங்க. அப்பலேந்து எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு கேட்டுக்கினே கீறா."

அவளுக்கு ஒரு மகள் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். இன்னும் நான் அங்கே போகவில்லை.